மூக்கக்கா செத்த படம்

அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர்களே இல்லை என்கிறார்கள். நானும் அழுதேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே குமட்டுகிறது.

முதலில் மூக்கக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வேலை பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில். கூடத்தை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். துவைக்கிற இயந்திரங்கள் அந்தச் சுவரிலேயே பதிந்திருக்கின்றன. நாங்கள் இந்தப் பக்கக் கதவைத் திறந்து அழுக்கைத் திணிப்போம், அவர்கள் அந்தப் பக்கக் கதவைத் திறந்து சுத்தமாக எடுப்பார்கள். அழுக்குப் பக்கத்து ஆள் அங்கே போகக் கூடாது, அங்கே இருப்பவர்களைத் தொடக் கூடாது. வாசலே வேறு. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் யாராவது வெள்ளை உடுப்போடு எதிரே வந்தால் நாங்கள் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நிற்போம். கையில் உறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை, தானாக வந்துவிட்டது.

மூக்கக்கா இருபத்தாறு வருஷம் அழுக்குப் பக்கம். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவாள். "இது பிரசவம். இது சர்க்கரைப் புண்ணு. இது பாவம், முடிஞ்சுபோச்சு." பிரித்துப் பார்த்தால் ஒரு இம்மி தப்பாது. ரத்தம் பட்டது பச்சைத் தண்ணீருக்கு, மலம் பட்டது தனி மூட்டைக்கு, மருந்து கொட்டியது வேறு தொட்டிக்கு என்று மற்றவர்கள் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவள் மூக்காலேயே பாதி வேலையை முடித்துவிடுவாள். பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. ஒரு வேலை நேரத்துக்கு நானூறு விரிப்பு. கட்டினவன் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுக் கண்காணாமல் போய்விட்டான். அந்த விரிப்புகளில்தான் இரண்டும் வளர்ந்தன.

அப்படிப்பட்டவளுக்குக் குடலில் கட்டி வந்தது. குடலை வெட்டி, மிச்சத்தை வயிற்றில் ஒரு ஓட்டை போட்டு வெளியே எடுத்துத் தைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பினார்கள். போகிறதெல்லாம் இனி அந்தப் பையில்தான். டாக்டர் மூத்தவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஈரலுக்கும் பரவிவிட்டது, மாசக்கணக்குதான் என்றார். மூத்தவள் என்றால் மூக்கக்காவின் மகள். முப்பத்தெட்டு வயது. அம்மா நின்ற அதே மேசையில் இப்போது அவள் நிற்கிறாள். விடியும் முன் எழுந்து அம்மாவுக்குப் பையைக் கழுவிவிட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, என்னோடு வேலைக்கு வந்து எட்டு மணி நேரம் ஊரார் மலத்தைப் பிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடி பையைக் கழுவுவாள். நான் அவர்களுக்குக் கீழ்மாடி, மூத்தவளுக்கு வாய்ப்பழக்கத்தில் சித்தி. மூன்று நாளைக்கு ஒருமுறை பையையே மாற்றும்போது மேலே போய் மூக்கக்காவைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த மாசம் முழுக்க மழை. சன்னலைத் திறக்க வழியில்லை. காயாத துணி அடுப்படிக் கொடியில் தொங்கும், அடுப்பில் கஞ்சி கொதிக்கும், அதன் நடுவே அந்த வாடை. எனக்கும் பழகிய மூக்குதான், ஆனால் வேலையிடத்து நாற்றம் ஊர்பேர் தெரியாதவனுடையது. இது நம்முடைய ஆளுடையது. சொல்லக் கூசுகிறது, சில நாள் அந்த வீட்டில் டம்ளரில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

இனி தகரம். மூக்கக்காவின் இளையவன். சின்ன வயதில் எதைக் கண்டாலும் தட்டிக்கொண்டே நிற்காமல் பேசுவான். தகரடப்பா என்று தெருவே கேலி செய்யும். அந்தப் பெயரையே சுருக்கி வைத்துக்கொண்டு ராப் பாடப் போனான். பாடுகிறானா, யாரையோ திட்டுகிறானா என்று எங்களுக்குப் புரியவில்லை. உலகத்துக்குப் புரிந்துவிட்டது. 'என் அம்மா கை நாத்தம்தான் எனக்கு அத்தர்' என்று ஒரு வரி. அந்த வரியைச் சட்டையில் அச்சடித்துக்கூடப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் அவன் கதையையே படமாக எடுக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு அவன் ஒரே ஒரு தடவை வந்தான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றான். "உள்ள வாடா" என்று மூத்தவள் சொன்னதற்கு, "ஷூ ஈரமா இருக்குக்கா" என்றான். மறுவாரம் ஒரு பார்சல் வந்தது. சுவரில் மாட்டினால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகப் புஸ்ஸென்று வாசனை அடிக்கிற ஒரு டப்பா. போகிற வருகிறவர்களிடமெல்லாம் மூக்கக்கா அதைக் காட்டி, "என் புள்ள அனுப்புனது. எனக்கு என்ன வேணும்னு அவனுக்குத்தான் தெரியும்" என்பாள். அந்த நேரம் மூத்தவள் அவளுடைய வயிற்றைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

டீ நேரத்தில், கூடத்துக்குப் பின்னால் கூரைக்கடியில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. மழைச் சத்தத்தில் கேட்காததால் மூத்தவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, படம் அடுத்த வெள்ளிக்கிழமை வருது. அதுக்கு முந்தின நாள் காலைல பத்திரிகைக்காரங்களுக்கும் எங்க ஆளுங்களுக்கும் தனியா ஒரு காட்சி. அம்மாவைக் கூட்டிட்டு வா."

"அவங்களால அவ்வளவு நேரம் உக்கார முடியாதுடா."

"ரெண்டேகால் மணி நேரம்தான். காரு அனுப்பறேன். அம்மா இதைப் பாக்கணும்க்கா. அவங்களுக்காகத்தான் எடுத்ததே." கொஞ்சம் இருமினான். "ஒரு சின்ன விஷயம். படத்துல அம்மா செத்துருவாங்க."

மூத்தவள் டீயைக் கீழே வைத்தாள். "எப்போ?"

"எனக்குப் பதினேழு வயசுல. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி. அம்மா சாகலன்னா கதைக்கு உயிரே இல்லன்னு டைரக்டர் சொல்லிட்டாரு."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மூத்தவள் சிரிக்கவில்லை.

"சரி, படம்தானே."

"அது இல்லக்கா. பேட்டியில கேட்டாங்க, நெசமாவே அப்படியான்னு. பேச்சு வாக்குல ஆமான்னு சொல்லிட்டேன். இப்ப எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க. மாத்துனா மொத்தமா அசிங்கமாயிரும். அதனால அங்க யாராவது கேட்டா, அம்மாவைப் பெரியம்மான்னு சொல்லிக்கச் சொல்லு. அம்மாவோட அக்கா. அவ்வளவுதான்."

"நான்?"

"நீ படத்துல இல்லக்கா."

"படத்துல இல்லாம போறேன். அங்க வந்து நின்னா நான் யாருடா?"

"பெரியம்மா பொண்ணு" என்றான். "அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

அவள் போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். இந்த அழுக்கை எந்தத் தொட்டியில் போடுவது என்றேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"கூட்டிட்டுப் போகப் போறேன் சித்தி" என்றாள். "ஆனா பெரியம்மா கதையைச் சொல்ல மாட்டேன். சாவையும் சொல்ல மாட்டேன். நேர்ல பாக்கட்டும்."

"சாகப் போறவங்கடி."

"அதான் சித்தி, நேரமில்ல. நான் கழுவுறேன், அவங்க வாயில வர்றது அவன் பேரு. ராத்திரி வலியில முனகுறதும் அவன் பேரு. அந்தப் படத்தைப் பாத்தாவது புத்தி தெளியட்டும். நீ இல்லன்னா நான் என்னடி ஆயிருப்பேன்னு ஒரு தடவை கேக்கட்டும். ஒரே ஒரு தடவை. எனக்கு அது போதும்."

அன்று அவளைப் பார்க்கவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தைக்காகப் பெற்றவளை அப்படியொரு அடி வாங்க வைக்க நினைக்கிறாளே என்று. ஆனாலும் நான் மூக்கக்காவிடம் போய்ச் சொல்லவில்லை. நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

மூக்கக்காவுக்கு ஒரே கவலை பைதான். நாலு பேர் மத்தியில் அது நாறிவிடக் கூடாது, பிள்ளைக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது. புதன்கிழமை காலையிலிருந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "உள்ள போனாத்தானே வெளிய வரும்" என்றாள். கஞ்சித் தண்ணீரைக்கூடத் தள்ளிவிட்டாள். வேலையிடத்தில் எங்கள் கணக்கும் அதுதான், காலி மூட்டை நாறாது. அதனால் மூத்தவளும் சரி என்றாள், நானும் சரி என்றேன். மூன்று பேருக்குமாகச் சேர்த்து அறுபது வருஷத்துக்கு மேல் அனுபவம், மூன்று பேரும் முட்டாள்கள். குடல் மூட்டை இல்லை. காலியாக விட்டால் காற்றைப் பிடித்துக்கொண்டு உப்பிவிடும் என்று பிற்பாடு ஒரு நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை தியேட்டர் வாசலில் இறங்கினோம். தரையில் முகம் தெரிந்தது. சுவர் முழுக்கத் தகரத்தின் முகம். அவனே வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையுமாக, கேமராக்காரர்கள் சூழ, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அம்மாவை நோக்கி வந்தான். மூக்கக்கா சட்டென்று கைகளைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிட்டாள். வெள்ளையைப் பார்த்ததும் உடம்பு பழைய இடத்துக்குப் போய்விட்டது. கேமராக்கள் பளிச் பளிச்சென்று அடித்தன. அவன் ஒரு கணம்தான் தடுமாறினான். "எங்க பெரியம்மாவுக்கு ரொம்பக் கூச்சம்" என்று சிரித்தான். கையில் மைக் வைத்திருந்த ஒரு பத்திரிகைக்காரப் பெண், "அம்மா, நீங்க?" என்று கேட்டாள்.

மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"பெரியம்மா" என்றாள் மூக்கக்கா. வாய் கூசவில்லை. "அவங்கம்மா என் தங்கச்சி."

மூத்தவளின் முகம் செத்துப்போனது. உள்ளே உட்கார்ந்ததும், "யாரும்மா சொன்னா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"முந்தாநாள் அவனே போன் பண்ணுனான். ஒரே அழுகை, பாவம். நீ சொல்லியிருக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியுமாம்." மூக்கக்கா சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "பேசாம படத்தைப் பாரு."

படத்தில் மூக்கக்காவாக வந்தவளுக்குப் பல் வரிசையாக இருந்தது. ஒரு பெரிய முற்றத்தில், வெயிலில், பாட்டுப் பாடிக்கொண்டு துணி அலசினாள். அலசிய துணியில் ஒரு கறை இல்லை, துவைக்கிறதற்கு முன்னாலும் இல்லை. வீட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியது மூத்தவள். திரையில் அம்மா ஓடினாள். அவனுக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவளும் மூத்தவள். திரையில் அதற்கு ஆளே இல்லை.

பிறகு அம்மா படுத்தாள். என்ன வியாதி என்று சொல்லவில்லை. வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தலையணை, உதட்டோரம் ஒரு பொட்டு ரத்தம். தலை மகன் மடியில். வெளியே மழை. அவன் மெதுவாக, தட்டாமல், அத்தர் வரியைப் பாடுகிறான். சாகிறவளின் விரிப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா? தினம் பத்துப் பிரிக்கிறேன். அத்தனையும் பொய் என்று தெரிந்துகொண்டே, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். தூ, என்ன பிறவி நான்.

வாடை மூக்கக்காவுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். சேலைக்கடியில் பை பந்தாக உப்பி, ஒட்டியிருந்த விளிம்பு ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. முன்வரிசையில் காகிதக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், அதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பி எங்களை முறைத்தாள். பக்கத்தில் இரண்டு பேர் எழுந்து வேறு இடம் போனார்கள்.

"எந்திரிம்மா, போலாம்" என்றாள் மூத்தவள்.

"இரு. இன்னும் சாவலை."

தகரம் இரண்டு வரிசை முன்னால் இருந்தான். அவன் தலை பாதி திரும்பி நின்றது. பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொன்னான். அந்த ஆள் குனிந்தபடியே எங்களிடம் வந்து, "சார் கேக்கறாரு, கொஞ்சம் கடைசி வரிசைக்குப் போயிடறீங்களா?" என்றான். மூக்கக்கா அப்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் அம்மா கண் மூடியதும், நீளமாக ஒரு மூச்சு விட்டு, தானே எழுந்தாள்.

கழிப்பறை எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. நான் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டேன். மூத்தவள் பழைய பையைப் பிரித்தெடுத்து, துடைத்து, புதிது ஒட்டினாள். விளிம்பை அழுத்திவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"உன்னைக் கொன்னுட்டு உக்காந்திருக்கான். உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணாம என்ன. நல்லபடியா சாகடிச்சிருக்கான்டி." மூக்கக்காவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "வலி இல்ல, நாத்தம் இல்ல. ஒரே ராத்திரி. சுத்தமான விரிப்பு. புள்ள மடியில தலை. அப்படிப் போறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும். இந்தப் பையோட இழுத்துக்கிட்டுக் கிடக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

மூத்தவள் பழைய பையைப் பாலிதீன் உறையில் போட்டு மூன்று முடிச்சுப் போட்டாள். அங்கே பூப்போட்ட சின்னக் கூடை ஒன்றுதான் இருந்தது. "இதுல போட்டுட்டுப் போனா கூட்டறவ அள்ளணும். அவளும் நம்மளை மாதிரி ஒருத்தி" என்று உறையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் இடைவேளை. சிவந்த கண்களோடு கூட்டம் நின்றிருந்தது. மைக் வைத்திருந்த பெண் நேராக மூக்கக்காவிடம் வந்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"உங்க தங்கச்சியைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"என்னத்தைச் சொல்ல? நல்லவ. உழைப்பாளி." மூக்கக்கா நிஜமாகவே கண்ணைத் துடைத்தாள். "அவளுக்கு இவன் ஒருத்தன்தான். வேற யாருமில்ல."

மூத்தவள் அடுத்த அடியில்தான் நின்றாள், அம்மாவின் மலத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

அப்போது தகரம் வந்து மூத்தவளின் தோளில் கை போட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "இவங்க எங்க பெரியம்மா பொண்ணு. எனக்கு அக்கா மாதிரி."

"கையை நீட்டுடா" என்றாள் மூத்தவள்.

ஏதோ பரிசு என்று நினைத்திருப்பான். நீட்டினான். அவள் அந்த உறையை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். அது இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும். என்னவென்று அவனுக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். கீழே போட்டால் கேமரா பார்க்கும். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, தொண்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு ஓங்கரித்தான்.

மூக்கக்கா பதறிப்போனாள். "என்னடி பண்ற, அவனுக்கு நாத்தம் ஆவாதுடி!" கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் கையைப் பிடித்தாள். "குடுடா ராசா. அருவருப்புப்படாத. இதுல என்ன இருக்கு? நீயும் உங்கக்காவும் என் வயித்துலேருந்துதான் வந்தீங்க. இதுவும் அங்கேருந்துதான் வந்துச்சு. குடு."

அவன் கொடுத்துவிட்டான். கொடுத்த கையை வெள்ளைக் கோட்டில் துடைத்தான். மூத்தவள் அசையாமல் நின்றாள். இத்தனை நாள் அவள் காத்திருந்ததற்குக் கிடைத்தது அவ்வளவுதான், மலத்தோடு சேர்த்து 'உங்கக்காவும்' என்று ஒரு வார்த்தை.

அந்தப் பெண் மைக்கை மூக்கக்காவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வந்து, "அம்மா, இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

மூக்கக்கா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிறகு மகளைப் பார்த்தாள். உறையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காது கேட்காதவர்களிடம் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக அதையே இன்னொரு தடவை சொன்னாள்.